பழுது என்று குறிக்கப்பட்டவை

ஏரி ஆய்வு நிலையத்தில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் என் நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுபவர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்ததெல்லாம் அதனால்தான் அவ்வளவு சங்கடமாகிப் போனது.

நான் முன்பு வேலை பார்த்த நிறுவனத்தை ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மூடினார்கள். பதினொன்றரைக்கு நாங்கள் எல்லோரும் கையில் அட்டைப்பெட்டியுடன் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். அடுத்த நான்கு மாதம் வீட்டில் இருந்தேன். புரோகிராம் எழுதிப் பழகிய கை சும்மா இருக்காது. குடும்பப் புகைப்படங்கள் பதினெட்டாயிரத்தையும் தேதிவாரியாக அடுக்கினேன். ஒரே படம் இரண்டு முறை இருந்தால் கண்டுபிடித்து நீக்கினேன். அது முடிந்ததும் சமையலறை அலமாரிக்குள் புகுந்தேன். என் வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தன் அக்காவுக்குப் போன் செய்தார்.

"அக்கா, இவளுக்கு அடுக்கறதுக்கு ஏதாவது குடு. இல்லன்னா என்னையும் மடிச்சு எங்கேயாவது அடுக்கி வெச்சிடுவா."

அண்ணி சிரித்தாரா என்று தெரியாது. அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார்.

அண்ணி அந்த நிலையத்தில் மூத்த விஞ்ஞானி. ஏரியில் முதல் மிதவையை இறக்கியபோது படகில் இருந்தவர். வீட்டிலும் அலுவலகத்திலும் அவருக்கு ஒரே குரல்தான். அதிகம் பேசமாட்டார். ஆனால் அவர் ஒரு கேள்வி கேட்டால், உட்கார்ந்திருப்பவர் தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிடுவார். எங்கள் கல்யாணத்துக்கு முன்பு என்னைப் பார்க்க வந்தபோது, நான் என்ன படித்திருக்கிறேன் என்று கேட்கவில்லை. ஒரு வேலையைப் பாதியில் விட்டிருக்கிறாயா என்று கேட்டார். நான் எழுந்து நின்றுதான் பதில் சொன்னேன்.

ஏரியில் பதினாறு மிதவைகள் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு நீளமான கேபிள் தொங்கும். அதில் இரண்டு மீட்டருக்கு ஒன்றாக இருபது வெப்பமானிகள். பத்து வினாடிக்கு ஒருமுறை இருபதும் தண்ணீரின் வெப்பத்தைப் பதிவு செய்யும். பத்தொன்பது வருடமாக இது நடக்கிறது. கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஆயிரத்துத் தொள்ளாயிரம் கோடி எண்கள்.

அதையெல்லாம் அவர்கள் வைத்திருந்த விதத்தைப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. ஒரு மிதவைக்கு ஒரு நாளைக்கு ஒரு ஃபைல். வெறும் எழுத்தும் எண்ணுமாக இருக்கும் சாதாரண ஃபைல். அப்படி ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஃபைல்கள், மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒரு பழைய சர்வரில். இருபத்தெட்டு மீட்டர் ஆழத்தில் கோடைகாலங்களில் அதிகபட்ச வெப்பம் எவ்வளவு என்று யாராவது கேட்டால், புரோகிராம் எல்லா ஃபைலையும் ஒவ்வொன்றாகத் திறக்கும். ஒவ்வொரு வரியையும் முழுசாகப் படிக்கும். இருபது எண்களில் பத்தொன்பதைத் தள்ளிவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளும். முடிய இரண்டு நாள் ஆகும். நடுவில் மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து.

ஆகவே யாரும் முழுவதையும் கேட்டதே இல்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, காலை ஆறு மணி அளவீட்டை மட்டும் பிரித்தெடுத்து ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். அதற்குச் சின்ன அட்டவணை என்று பெயர். நிலையத்திலிருந்து வந்த கட்டுரைகளில் பாதிக்கு மேல் அந்தச் சின்ன அட்டவணையிலிருந்து பிறந்தவை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு அண்ணி எழுதிய அறிக்கையும் அப்படித்தான். ஏரியின் அடிநீர் நிலையாக இருக்கிறது, இருபத்தெட்டு மீட்டர் ஆழத்தில் வெப்பம் வருடம் முழுக்க ஒரு டிகிரிக்குள்தான் மாறுகிறது என்று அதில் சொல்லியிருந்தார். அந்த அறிக்கையை நம்பித்தான் நகரத்துக்குக் குடிநீர் எடுக்கும் குழாயின் வாயை ஏரியின் கிழக்கு மூலையில் அதே ஆழத்தில் வைத்தார்கள். அண்ணிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த அறிக்கை அது. அவருடைய அறைச் சுவரில் அதன் முதல் பக்கம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. மாட்டியது அவர் இல்லை, இயக்குநர்.

என் வேலை, இந்த எண்களை வேகமாகத் தேடக்கூடிய விதத்தில் மாற்றி வைப்பது. நான் செய்தது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. வரிவரியாகக் கிடந்ததை மேலிருந்து கீழாகப் பத்திபத்தியாக மாற்றினேன். இரண்டு மீட்டர் ஆழத்து எண்கள் எல்லாம் ஒரு பத்தி, நான்கு மீட்டர் எண்கள் எல்லாம் இன்னொரு பத்தி. இருபத்தெட்டைக் கேட்டால் இருபத்தெட்டை மட்டும் தொட்டால் போதும். ஒவ்வொரு பத்தியையும் மாதம் மாதமாகத் துண்டு போட்டேன். ஒவ்வொரு துண்டின் தலையிலும் அதற்குள் இருக்கும் மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் எழுதி வைத்தேன். பதினைந்து டிகிரிக்கு மேல் போன நாட்களைத் தேடும்போது, ஒரு துண்டின் பெரிய எண்ணே பத்துதான் என்றால், அந்தத் துண்டைத் திறக்கவே வேண்டாம். பக்கத்துப் பக்கத்து எண்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பதால், வித்தியாசத்தை மட்டும் வைத்துச் சுருக்கியதில் மொத்தமும் பத்தில் ஒரு பங்காகிவிட்டது.

நடுவில் ஒரே ஒரு இடத்தில் எனக்கும் அண்ணிக்கும் கருத்து வேறுபட்டது. பழைய புரோகிராமில் பழுதான அளவீடுகளைத் தள்ளுவதற்கு ஒரு விதி இருந்தது. அண்ணி எழுதிய விதி. ஒரு வெப்பமானி காட்டுவது அன்று காலை அது காட்டியதிலிருந்து இரண்டு டிகிரிக்கு மேல் விலகினால், பழைய நிலைக்குத் திரும்பும் வரை அதைப் பழுது என்று எடுத்துக்கொண்டு தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஆரம்ப வருடங்களில் கேபிளுக்குள் தண்ணீர் புகுந்து எண்கள் தாறுமாறாக எகிறியிருக்கின்றன. அப்போது அந்த விதி தேவைப்பட்டது. நான் தூக்கிப் போடாமல், எண்ணையும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் பழுது என்று ஒரு குறியும் போட்டு வைப்பதாகச் சொன்னேன்.

"பழுதான நம்பர எதுக்குச் சுமக்கணும்? குப்பைய அடுக்கி வெச்சாலும் குப்பைதானே?"

"இருந்துட்டுப் போகட்டும் அண்ணி. வேணாம்னா கேக்கும்போது தள்ளிக்கலாம். இப்பவே போட்டுட்டா அப்புறம் வேணும்னாலும் கிடைக்காது."

"இடம்?"

"இடமே பிடிக்காது. நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது இடத்துல குறியே இருக்காது. சுருக்கினா காணாமப் போயிடும்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, உன் இஷ்டம் என்றார். அண்ணியிடமிருந்து அந்த வார்த்தை வருவது அபூர்வம். வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

ஐந்தாவது மாதம் வேலை முடிந்தது. கூட்ட அறையில் எல்லோர் முன்னிலையிலும் ஓட்டிக் காட்டினேன். இரண்டு நாள் ஆகும் கேள்விக்கு ஒன்பது வினாடியில் பதில் வந்தது. இயக்குநர் நம்பாமல் இன்னொருமுறை ஓட்டச் சொன்னார். இரண்டாவது முறை நான்கு வினாடி. அதன்பிறகு ஒரு வாரம் என் மேசைக்குக் கூட்டம் குறையவில்லை. மீன் ஆராய்ச்சிக்காரர் முட்டையிடும் காலத்து வெப்பம் கேட்டார். படகோட்டி, தன் மகள் பிறந்த அன்று ஏரி எவ்வளவு சில்லென்று இருந்தது என்று கேட்டார். ஒன்பது புள்ளி ஆறு டிகிரி. அதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எதைக் கட்டி முடித்தாலும் கடைசியில் யாரும் கேட்காத கேள்விகளாகக் கேட்டுப் பார்ப்பேன். எந்த மாதத்தில் எண்ணிக்கை குறைகிறது, எந்த மிதவையில் ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறது என்பது போல. கட்டியதில் ஓட்டை இருந்தால் அப்படித்தான் வெளியே வரும். அன்றைக்கு, பழுது என்று குறித்தவை ஒரு நாளின் எந்தெந்த மணியில் எத்தனை என்று கேட்டேன். பதினான்கு வினாடியில் இருபத்துநான்கு எண்கள் வந்தன.

இருபத்துநான்கும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். கேபிளுக்குள் தண்ணீர் புகுவதற்கு நேரம் காலம் கிடையாது. ஆனால் பிற்பகல் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை எண்கள் மற்ற நேரத்தைப் போல ஏழு எட்டு மடங்கு இருந்தன. ஆழத்தையும் மிதவையையும் பிரித்துக் கேட்டேன். முக்கால்வாசிக்கு மேல் கிழக்கு மூலையில் இருந்த மூன்று மிதவைகளில். அதிலும் இருபத்தாறு, இருபத்தெட்டு, முப்பது மீட்டரில். கருவி மணி பார்த்துக் கெடுமா? இடம் பார்த்துக் கெடுமா?

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். சில மிதவைகளின் கடிகாரம் முதல் ஆறு வருடம் உலக நேரத்தில் ஓடியது, அதை உள்ளூர் நேரத்துக்கு மாற்றியதில் கோட்டை விட்டிருக்கலாம் என்று நினைத்தேன். பார்த்தேன், சரியாகத்தான் மாற்றியிருந்தேன். பிறகு, சுருக்குவதற்காகத் தசமப் புள்ளியை எடுத்துவிட்டு முழு எண்ணாக வைத்ததில் ஏதோ குளறுபடி என்று நினைத்தேன். அதுவும் இல்லை. மூன்று நாள் இப்படியே போனது. கடைசியில் மாடிப்படி சர்வருக்குப் போய், ஒரு பழைய ஃபைலைத் திறந்து, கண்ணால் வரிவரியாகப் படித்தேன். அந்த நாளில் மதியம் இரண்டே காலுக்கு இருபத்தெட்டு மீட்டரில் ஏழு டிகிரி. இரண்டரைக்கு எட்டு. பிறகு பத்து. மூன்றரைக்குப் பன்னிரண்டு. ஐந்தரைக்கு மேல் மெல்ல இறங்கி மறுபடி ஏழு. கெட்டுப்போன கருவியின் எண்கள் குதிக்கும். இவை நடந்து ஏறி நடந்து இறங்கின. காற்றுப் பதிவையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். மதியம் கிழக்கு நோக்கிப் பலமாகக் காற்றடித்த நாட்கள்தான் எல்லாம்.

எனக்கு ஏரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இது மட்டும் புரிந்தது. காற்று மேல்மட்டத்து வெதுவெதுப்பான தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய்க் கிழக்கு மூலையில் குவிக்கிறது. அங்கே அது ஆழம் வரை அமுங்குகிறது. காற்று நின்றதும் திரும்பிவிடுகிறது. காலை ஆறு மணிக்கு ஏரி ஒன்றும் தெரியாததுபோல அமைதியாக இருக்கும். சின்ன அட்டவணை பார்த்தது அந்த ஆறு மணியைத்தான். மற்ற நேரங்களில் உண்மை வந்து கதவைத் தட்டியபோது, அந்த விதி அதைப் பழுது என்று திருப்பி அனுப்பிவிட்டது.

அதுவும் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டு வந்தது. முதல் வருடங்களில் கோடைக்கு ஏழெட்டு நாள். கடைசி மூன்று வருடங்களில் நாற்பதுக்கு மேல்.

இதை அண்ணியிடம் எப்படிச் சொல்வது? வீட்டில் என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர், மின்னஞ்சலில் மட்டும் அனுப்பிவிடாதே, அக்காவுக்கு எதையும் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்றார். அது எனக்கும் தெரியும்.

மறுநாள் காலை அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அண்ணி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். வேலையை விடப் போகிறேன் என்று நினைத்திருப்பார். நான் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

இருபத்துநான்கு கம்பங்கள் நின்ற அந்த வரைபடத்தை அவர் பார்த்தார். அடுத்தது மிதவைவாரி. அடுத்தது காற்று. ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் நின்றார். கடைசியில் வருடவாரிக் கணக்கு வந்தபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நேரத்த மாத்தினது சரியா?"

"மூணு தடவ பாத்துட்டேன் அண்ணி. பழைய ஃபைல்லயும் பாத்தேன். அப்படியே இருக்கு."

"யார்கிட்ட சொன்ன?"

"வீட்டுல மட்டும்."

"அவன் என்ன சொன்னான்?"

"உங்க முகத்துக்கு நேரா சொல்லச் சொன்னாரு."

அண்ணி நாற்காலியில் சாய்ந்தார். சுவரில் இருந்த சட்டத்தின் பக்கம் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. மேசை விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"நம்பர் நம்பராவே இருக்கட்டும். எனக்குத் தண்ணியக் காட்டு. இந்த வாரத்துல காத்து எப்ப?"

வியாழக்கிழமை மதியம் காற்று வரும் என்று வானிலை அறிக்கை சொன்னது. படகில் நாங்கள் இரண்டு பேரும் படகோட்டியும் போனோம். கிழக்கு மிதவைக்கு ஐம்பது மீட்டர் தள்ளி நங்கூரம் போட்டோம். அண்ணி கயிற்றில் கட்டிய ஒரு தனி வெப்பமானியைக் கொண்டு வந்திருந்தார். மிதவையின் கேபிளோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதது. அதை இருபத்தெட்டு மீட்டருக்கு இறக்கிவிட்டுப் படகின் விளிம்பில் உட்கார்ந்தார். பன்னிரண்டு மணிக்கு ஏழு புள்ளி ஒன்று. ஒரு மணிக்கு ஏழு புள்ளி ஒன்று. நான் கொண்டு போன ரொட்டியைப் பாதிதான் சாப்பிட முடிந்தது. படகு ஆட ஆரம்பித்திருந்தது. எனக்குக் குமட்டியது. படகோட்டி ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து முகர்ந்துகொண்டிருக்கச் சொன்னார்.

இரண்டு மணிக்கு ஏழு புள்ளி மூன்று. அண்ணி ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டே இருந்தார். மூன்று மணிக்கு ஒன்பது. மூன்றரைக்குப் பதினொன்று புள்ளி நான்கு. அந்த எண்ணை எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

"பத்தொம்பது வருஷமா இந்தத் தண்ணி மேலதான் போய் வந்துட்டிருக்கேன்" என்றார். "எப்பவும் காலைலயே வந்துட்டுப் போயிடுவேன். மதியம் காத்தடிக்கும், படகு ஆடும்னு."

திரும்பி வரும்போது அவர் கயிற்றைச் சுருட்டி, ஈரத்தோடு மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

கரையில் இறங்கியதும் அவர் காரை நிலையத்துக்கு விடவில்லை, நீர் சுத்திகரிப்பு ஆலைக்கு விட்டார். அங்கே ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். போகும் வழியில்தான் மீதியைச் சொன்னார்.

ஆலையில் பகல் முறைக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். அவருக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் மூக்கு. தண்ணீரை முகர்ந்தே அதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். கோடையில் சில நாட்கள் சாயந்திரத் தண்ணீரில் புல் அழுகிய வாடை வருகிறது என்று ஒன்பது முறை நிலையத்துக்கு எழுதியிருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு குழு அமைத்து விசாரித்தார்கள். அண்ணி அந்தக் குழுவில் இருந்தார். அடிநீர் நிலையாக இருப்பதால் பாசி கலந்த மேல்தண்ணீர் குழாயின் வாய் வரை இறங்காது, வாடை ஏரியிலிருந்து வர வாய்ப்பில்லை, ஆலையின் தொட்டிகளைச் சரியாகக் கழுவாததே காரணம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மூக்குக்கு மெமோ கொடுத்தார்கள். அதன்பிறகு அவர் எழுதவில்லை.

நாங்கள் போனபோது அவர் ஒரு தொட்டியின் மேலிருந்த நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், மூக்கு சாதாரணமாகத்தான் இருந்தது. அண்ணியை அடையாளம் தெரிந்ததும் முகம் இறுகிவிட்டது. மேடம் என்று சொல்லி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அண்ணி உட்காரவில்லை.

"வாடை வர்ற நாளயெல்லாம் எங்கயாவது குறிச்சு வெச்சிருக்கீங்களா?"

"எதுக்கு மேடம்? இன்னொரு மெமோவுக்கா?"

"நான் எழுதினது தப்பு. நீங்க சொன்னதுதான் சரி. இன்னிக்கு ஏரில என் கையால அளந்து பாத்துட்டு வரேன்."

மூக்கு கையில் இருந்த துணியை மடித்தார், பிரித்தார். பிறகு உள்ளே போய் நான்கு நோட்டுப் புத்தகங்களை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார். அண்ணியிடம் கொடுக்கவில்லை. தேதி, நேரம், வாடை லேசா பலமா என்று ஒன்பது வருடக் கணக்கு அதில் இருந்தது. மெமோ வந்த பிறகும் அவர் குறிப்பதை நிறுத்தவில்லை.

நோட்டில் இருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவுகளையும் இரண்டு நாள் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். பழுது என்று குறிக்கப்பட்ட நேரங்களோடு பொருத்திப் பார்த்தேன். பாதிகூடப் பொருந்தவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணிக்குச் சொல்லாமல் மூக்குக்குப் போன் செய்தேன். குழாயில் தண்ணீர் ஆலைக்கு வந்து சேர ஆகும் நேரத்தைச் சேர்த்தீர்களா என்று அவர் கேட்டார். நான் அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

"குழாய்ல நாப்பது நிமிஷம். அப்புறம் முதல் தொட்டி நிரம்பி வழியணும், அது ஒரு ஒன்றரை மணி நேரம். என் மூக்குக்கு வர்றது அதுக்கப்புறம்தாம்மா."

இரண்டு மணி பத்து நிமிடம் தள்ளி வைத்துப் பொருத்தினேன். முந்நூற்றுப் பன்னிரண்டில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்று சேர்ந்துகொண்டன. மீதி இருபத்தொன்றில் பதினான்கு, மிதவைகள் பழுதுபார்ப்புக்காகக் கரையில் கிடந்த நாட்கள். ஏழுக்கு மட்டும் விளக்கம் கிடைக்கவில்லை. அந்த ஏழில் தொட்டி கழுவாததும் இருக்கலாம் என்று மூக்கே சொன்னார்.

அடுத்த வாரம் கூட்டம் நடந்தது. அண்ணி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். ஆறு மணி அட்டவணை, இரண்டு டிகிரி விதி, இரண்டையும் உண்டாக்கியது தான் என்பது, படகில் அளந்தது, நோட்டுப் புத்தகங்கள். பதினைந்து நிமிடம்தான் பேசினார். இயக்குநர் நல்ல மனிதர், யாருக்கும் மனம் நோகக்கூடாது என்று நினைப்பவர். அறிக்கையில் இதை மேம்பட்ட புரிதல் என்று போட்டுக்கொள்ளலாம், அன்றைக்கு இருந்த தகவல் வசதிக்கு அது சரியான முடிவுதானே என்றார்.

"எதுவும் மேம்படல சார்" என்றார் அண்ணி. "தப்பா இருந்துச்சு. தப்புன்னே போடுங்க. இல்லன்னா அந்த மெமோவ எப்படித் திரும்ப வாங்கறது?"

தவறு என்றே போட்டார்கள். மெமோவை ரத்து செய்யச் சொல்லி ஆலைக்கு ஒரு கடிதம் போனது. அண்ணி கையெழுத்திட்ட கடிதம். ஒரு தேசியக் குழுவுக்கு அவரைத் தலைவராக்குவதாகப் பேச்சு இருந்தது. அந்தப் பேச்சு அதன்பிறகு எழவில்லை. அதைப் பற்றி அண்ணி எங்களிடம் எதுவும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரருக்கு வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

குழாயின் வாயை மாற்றுவதென்றால் இரண்டு வருட வேலை. அதுவரைக்கும் நான் ஒரு சிறிய புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். கிழக்கு மிதவைகள் மூன்றிலும் இருபது மீட்டர் ஆழத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும். அங்கே வெப்பம் ஏற ஆரம்பித்தால், இருபத்தெட்டுக்கு வந்து சேர முக்கால் மணி நேரமாவது இருக்கும். உடனே ஆலைக்குச் செய்தி போகும். அவர்கள் பம்பை நிறுத்திவிட்டு, காலையில் நிரப்பி வைத்த தொட்டியிலிருந்து ஊருக்கு விடுவார்கள். முதல் கோடையில் முப்பத்தெட்டு முறை செய்தி போனது. அதில் நான்கு முறை வெப்பம் இருபத்தெட்டு வரை இறங்கவே இல்லை. அந்த நான்கு முறையும் மூக்கு எனக்குப் போன் செய்து, "இன்னிக்குப் பொய்யும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அண்ணிக்கும் எனக்கும் நடுவே சில வாரங்கள் பேச்சு குறைவாகத்தான் இருந்தது. கோபம் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்தால் என் மகளோடு விளையாடுவார், தம்பியோடு பேசுவார், என்னிடம் வந்ததும் என்ன பேசுவது என்று தெரியாமல் குடித்த டம்ளரைத் தானே கழுவி வைப்பார். எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. செய்யவில்லை என்பதே ஒரு பாரமாக இருந்தது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு தாளோடு என் மேசைக்கு வந்தார். சின்ன அட்டவணையை வைத்துத் தான் எழுதிய கட்டுரைகளின் பட்டியல். மொத்தம் பதினொன்று. நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இது எல்லாத்தையும் திரும்பக் கேக்கணும். முழுசா. நீ கேட்டுச் சொல்லாத. எப்படிக் கேக்கறதுன்னு சொல்லு, நானே கேக்கறேன்."

அன்றைக்கு அவர் எழுதிய முதல் கேள்வி இருபது பத்திகளையும் ஒன்றாகக் கேட்டது. ஆறு நிமிடம் ஓடியது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வேண்டிய பத்தியின் பெயரை மட்டும் எழுதச் சொன்னேன். ஏழு வினாடி. அவர் இரண்டையும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

இப்போது ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் இதுதான். பட்டியலில் ஏழு கட்டுரைகள் முடிந்துவிட்டன. ஐந்து சரியாகவே இருந்தன. ஒன்று தவறு. பத்திரிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்பிவிட்டார். இன்னொன்று சரியா தவறா என்று முழு எண்களை வைத்தும் சொல்ல முடியவில்லை. அதன் பக்கத்தில் அவர் தெரியவில்லை என்று எழுதி, அடியில் தேதி போட்டிருக்கிறார்.